பாட்டியின் நாட்குறிப்பும் பேரனின் படங்களும்: ரோஜர் ஷிமோமுரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சோவியம், அதாவது மை பூசித் தாளில் பதித்தெடுக்கும் படக்கலை, பழக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளில் காட்டும் படங்களில் ரோஜர் ஷிமோமுராவின் படங்கள் எப்போதும் இருக்கும். காட்டி முடிப்பதற்குள் கேள்விகள் கிளம்பிவிடும். கிமோனோ உடுத்திய பெண்ணுக்குப் பின்னால் சூப்பர்மேன் எதற்கு? இவர் ஜப்பான்காரரா, அமெரிக்கரா? முள்கம்பி எங்கிருந்து வந்தது? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த ரோஜர் ஷிமோமுரா?

1939-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர்கள். முதல் தலைமுறையை 'இஸ்ஸெய்', இரண்டாம் தலைமுறையை 'நிசெய்', மூன்றாம் தலைமுறையை 'சான்செய்' என்று அந்தச் சமூகத்தார் சொல்வார்கள். ஷிமோமுரா சான்செய். ஓவியர், அச்சோவியர், மேடை நிகழ்வுகளும் செய்தவர். 1969 முதல் 2004 வரை கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தார்.

அவருடைய வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றுக்கும் வேராக இருப்பது ஒன்று உண்டு. தன் நினைவில் இருக்கும் மிகப் பழைய காட்சி எது என்று கேட்டால், தன் மூன்றாவது பிறந்தநாள் என்பார். அதைக் கொண்டாடிய இடம், பியூயாலப் ஊரின் சந்தைத் திடலில் அமைந்த தடுப்பு முகாம். கால்நடைக் கண்காட்சியும் ராட்டினமும் நடக்கிற திடலைச் சுற்றி முள்கம்பி போட்டு, தொழுவங்களிலும் அவசரமாக அடித்த பலகைக் கொட்டகைகளிலும் மக்களை அடைத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'கேம்ப் ஹார்மனி'. ஹார்மனி என்றால் இணக்கம்.

எதற்காக அடைத்தார்கள்? அவர்கள் செய்த குற்றம் என்ன?

குற்றம் எதுவும் இல்லை. 1941 டிசம்பர் 7-ல் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அதைக் காட்டி, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் ராணுவம் வெளியேற்றியது. கைக்குழந்தை, கிழவர் என்ற பேதம் இல்லை. தனித்தனி விசாரணையும் இல்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீடு, கடை, படகு, விளைந்து நின்ற வயல் எல்லாம் கிடைத்த விலைக்குப் போயின, அல்லது அப்படியே விடப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் எழுதிய அட்டையைச் சட்டையிலும் பெட்டியிலும் கட்டச் சொன்னார்கள்.

அடைக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். மீதிப் பேர் குடியுரிமை வாங்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். ஆசியாவில் பிறந்த இஸ்ஸெய்களுக்குக் குடியுரிமை தர அன்றைய சட்டத்தில் இடமே கிடையாது. 1952-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

ஷிமோமுரா குடும்பம் பியூயாலப்பில் சில மாதங்கள் இருந்தது. பிறகு ஐடஹோ மாநிலத்தின் வறண்ட மேட்டுநிலத்தில் இருந்த மினிடோகா முகாமுக்கு ரயிலேற்றப்பட்டது. இப்படிப் பத்து பெரிய முகாம்கள் நாடெங்கும் இருந்தன.

சயாம் மரண ரயில் பாதையில் நம் ஆட்களைக் கொன்ற ஜப்பான்காரர்களுக்காக நாம் ஏன் இரங்க வேண்டும்?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மலேசியாவில் சொந்தம் உள்ளவர்களிடமிருந்து வரும். கேட்பவர் குரலில் கோபம் இருக்கும், அதில் நியாயமும் இருக்கும். 1942-43-ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கி.மீ. ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தத் துயரத்தைக் கொஞ்சமும் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் சியாட்டிலில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கும், அருகிலிருந்த பெயின்பிரிட்ஜ் தீவில் ஸ்ட்ராபெரி பயிரிட்ட ஒரு விவசாயிக்கும் அந்த ராணுவத்தோடு என்ன உறவு? முகம் ஒரே மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஷிமோமுரா தன் வாழ்நாள் முழுக்கப் பேசியதே இதைப் பற்றித்தான். 1992-ல் அவர் 'யெல்லோ நோ சேம்' என்று 12 லித்தோ அச்சுகள் (கல்லிலோ உலோகத் தகட்டிலோ வரைந்து எடுப்பவை) கொண்ட தொகுப்பு ஒன்று செய்தார். 'மஞ்சள் தோல்காரர்கள் எல்லாம் ஒன்றல்ல' என்று அந்தக் கொச்சை ஆங்கிலத்துக்குப் பொருள் கொள்ளலாம். பழைய ஜப்பானியப் படங்களில் வரும் முறைத்த கண் நாடகப் பாத்திரங்கள் ஒரு பக்கம், சாதாரண அமெரிக்க உடையில் முகாம்வாசிகள் மறு பக்கம், நடுவில் முள்கம்பி. மரண ரயிலை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இந்தப் படங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே புரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாட்டியின் நாட்குறிப்பு என்கிறார்களே, அது என்ன?

அவர் பெயர் தோகு ஷிமோமுரா. ரஷ்ய-ஜப்பான் போரில் செவிலியாகப் பணியாற்றியவர். 1912-ல், புகைப்படம் மட்டும் பார்த்து நிச்சயமான மணமகளாகச் சியாட்டிலுக்குக் கப்பலேறி வந்தார். அங்கே மருத்துவச்சியாகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தன் கையில் ஏந்தியவர். வந்த நாள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஜப்பானிய மொழியில் நாட்குறிப்பு எழுதினார்.

பேரனுக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. பாட்டி இறந்த பிறகு, குறிப்புகளை ஆள் வைத்து மொழிபெயர்த்துத்தான் படித்தார். தன்னைத் தூக்கி வளர்த்த பாட்டியை மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தெரிந்துகொள்வது எப்படிப்பட்ட அனுபவம் என்று யோசித்துப் பாருங்கள். 1980 முதல் அந்தக் குறிப்புகளை வைத்து ஒரு தொடர் வரைந்தார். 1997-ல் 30 படங்களாக இன்னொரு தொடர்.

அவற்றில் ஒன்றுக்கு '1941 டிசம்பர் 12' என்று தேதியே தலைப்பு. பேர்ள் ஹார்பருக்கு ஐந்து நாள் கழித்து. இஸ்ஸெய்களின் வங்கிக் கணக்கை அரசு முடக்கியிருந்தது. அன்றைய குறிப்பில் தோகு எழுதியது இவ்வளவுதான்: நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தேன், இன்று முதல் வங்கியிலிருந்து நூறு டாலர் எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது, எதிரிகளான எங்களுடைய பிழைப்புக்காக இதைச் செய்கிறார்கள், அமெரிக்காவின் பெருந்தன்மையை ஆழமாக உணர்ந்தேன்.

தன் சொந்தச் சேமிப்பில் கொஞ்சம் எடுக்க விட்டதற்கு நன்றி சொல்கிறார் பாட்டி. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தப் படத்தில் சூப்பர்மேன் எதற்கு?

கிமோனோ உடுத்திய பெண் தரையில் அமர்ந்திருக்கிறாள். காகிதம் ஒட்டிய ஷோஜி கதவில், இடுப்பில் கைவைத்து நிற்கும் சூப்பர்மேனின் கரிய நிழல் விழுகிறது. காவலுக்கு நிற்கிறானா, கண்காணிக்க நிற்கிறானா? பாட்டி சொன்ன 'பெருந்தன்மை'க்கு உருவம் கொடுத்தால் அது இந்த நிழல்தான். ஷிமோமுரா சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் ரசிகர். மற்ற அமெரிக்கப் பையன்களைப் போலவே அவருக்கும் சூப்பர்மேன் சொந்த நாயகன். அவனுடைய நிழலையே பாட்டியின் கதவில் விழ வைத்தார்.

இவர் மரக்கட்டையில் செதுக்குகிறவரா? படங்கள் பழைய ஜப்பானிய அச்சுப்படம் மாதிரியே இருக்கின்றனவே?

செதுக்குவதில்லை. 'டிசம்பர் 12' படமே அக்ரிலிக் வண்ணத்தில் கேன்வாஸில் வரைந்தது. அவருடைய அச்சுகளில் பெரும்பாலானவை ஸ்கிரீன் பிரிண்டிங்கும் லித்தோவும்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மேலே மையை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டை.

எடுத்துக்கொண்டது உகியோ-எ படங்களின் சாயல். ஜப்பானின் எடோ காலத்தில் (1603-1868) கடைகளில் விற்ற மலிவான வண்ண அச்சுகள் அவை. வரைகிறவர் ஒருவர், கட்டை வெட்டுகிறவர் ஒருவர், மை பூசி அச்செடுக்கிறவர் ஒருவர், பணம் போட்டு விற்கும் பதிப்பாளர் ஒருவர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கட்டை. கட்டையின் ஓரத்தில் 'கெந்தோ' என்று சின்ன வெட்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறையும் தாளின் மூலையை அந்த வெட்டில் முட்டவைத்துத்தான் கீழே விடுவார்கள். நூல் பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். பிறகு மூங்கில் பட்டை சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். தடித்த கோடு, நிழலே இல்லாத தட்டையான வண்ணம் எல்லாம் இந்தத் தொழில்முறையிலிருந்து பிறந்தவை. அமெரிக்க காமிக்ஸும் அப்படியே தடித்த கோடும் தட்டையான வண்ணமுமாக அச்சாகி வந்தது. இரண்டுக்கும் பொதுவான இந்த இடத்தைக் கண்டுபிடித்ததுதான் ஷிமோமுராவின் கெட்டிக்காரத்தனம்.

இதற்குப் பின்னால் ஒரு சம்பவத்தை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கன்சாஸுக்குப் போன புதிதில் ஒரு பண்ணை ஏலத்துக்குப் போனார். அங்கே ஒரு விவசாயி, இவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேச எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். ஓவியர் என்றதும், கிமோனோப் பெண்களை வரைவீர்களா என்றார். அமெரிக்காவிலேயே பிறந்து, அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாகவும் இருந்தவரிடம் இந்தக் கேள்வி. சரி, அதையே வரைகிறேன் என்று 1970-களில் 'ஓரியண்டல் மாஸ்டர்பிரின்ட்' என்ற ஸ்கிரீன் பிரின்ட் வரிசையைத் தொடங்கினார்.

முகாம்களுக்குள் யாராவது படம் போட்டார்களா, அச்சடித்தார்களா?

நிறையவே. வேண்டுமானால் இதற்கென்றே தனிப் பக்கம் எழுதலாம்.

சியுரா ஒபாதாவிலிருந்து தொடங்குகிறேன். பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆசிரியர். யோசெமிட்டி மலைகளை நீர்வண்ணத்தில் வரைந்து, டோக்கியோவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பட்டறையில் 35 மரக்கட்டை அச்சுகளாக 1930 வாக்கில் கொண்டுவந்தவர். தூரிகை ஓடிய ஈரம்கூடத் தெரிய வேண்டும் என்று ஒரு படத்துக்கு நூறு தடவைக்கு மேல் அச்சுப் பதிக்க வைத்தார். அப்படிப்பட்ட மனிதரை 1942-ல் தான்ஃபோரான் குதிரைப் பந்தயத் திடலில் அடைத்தார்கள். வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே அங்கே ஓவியப் பள்ளி தொடங்கிவிட்டார். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பிறகு யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமிலும் அந்தப் பள்ளி தொடர்ந்தது. அதே இரண்டு முகாம்களிலும் இருந்த மினே ஒகுபோ, கேமராவுக்குத் தடை இருந்ததால், கண்ணில் பட்டதையெல்லாம் பேனாவால் வரைந்து தள்ளினார். சாப்பாட்டு வரிசை, தடுப்பில்லாத கழிப்பறை, புழுதிக்காற்று எதையும் விடவில்லை. அவற்றைத் தொகுத்து 1946-ல் வெளியிட்டபோது, தன் குடும்பத்துக்குக் கொடுத்த 13660 என்ற எண்ணையே தலைப்பில் வைத்தார்.

கொலராடோவின் அமாச்சி முகாமில் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை இயங்கியது. முள்கம்பிக்கு உள்ளே இருந்த இளைஞர்கள் சட்டம் கட்டி, மை வழித்து, அமெரிக்கக் கடற்படைக்காக 2,50,000-க்கும் அதிகமான சுவரொட்டிகள் அடித்துக் கொடுத்தார்கள். தங்களை நம்பாத அரசுக்காகத்தான் அவ்வளவையும் அடித்தார்கள். அதே பட்டறையில் முகாம்வாசிகளுக்கான நாட்காட்டிகளும் நிகழ்ச்சி அழைப்புகளும் அச்சாயின. எனக்கு அந்த நாட்காட்டிகள்மேல் தனிப் பிரியம். சிறைக்குள்ளே இருந்தாலும் இன்று என்ன தேதி என்று சுவரில் ஒன்று தொங்க வேண்டியிருக்கிறது.

பிறகு ஏன் இவ்வளவு காலம் யாரும் பேசவில்லை?

வெட்கம், பயம், பிள்ளைகள் தலை நிமிர்ந்து வாழட்டும் என்ற எண்ணம். 'ஷிகதா க நாய்' என்பார்கள்: என்ன செய்ய முடியும், ஆக வேண்டியது ஆயிற்று. 'காமான்' என்று இன்னொரு சொல், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது. பேச வைத்தவர்கள் மூன்றாம் தலைமுறையினர். 1978 நவம்பரில் சியாட்டிலிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் வாகனங்களில் அணிவகுத்து, 1942-ல் போன அதே பாதையில் பியூயாலப் திடலுக்குப் போனார்கள். பழைய குடும்ப எண் அட்டைகளைப் போலவே செய்து கழுத்தில் கட்டியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஷிமோமுராவும் மினிடோகாவைப் பற்றிய தன் முதல் தொடரை வரைந்துகொண்டிருந்தார். பத்தாண்டு கழித்து, 1988 ஆகஸ்டில், அரசு மன்னிப்புக் கேட்கும் சட்டம் வந்தது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர்.

தோகு போன்ற பெரும்பாலான இஸ்ஸெய்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பொது இடங்களில் இந்த நினைவு எங்கெல்லாம் இருக்கிறது?

சியாட்டில் நகர மையத்தின் அடியில் வெஸ்ட்லேக் சுரங்க நிலையம் இருக்கிறது. 1990-ல் திறந்தபோதே அதன் சுவரில் ஷிமோமுராவின் பெரிய சுவரோவியம் இடம்பெற்றது. முதலில் பேருந்துகள் ஓடின, இப்போது ரயில். டிக்கெட் இல்லாமல் அருங்காட்சியகத்துக்குள் போகத் தயங்குகிறவரும் வேலைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்துவிடுவார்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் பைக் பிளேஸ் சந்தை. போருக்கு முன் அங்கே காய்கறிக் கடை போட்டவர்களில் பெரும்பகுதியினர் ஜப்பானிய விவசாயிகள். அவர்களை அப்புறப்படுத்தியதும் கடைகள் வெறிச்சோடின. இன்று சந்தை வாசலில் தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஆகி சோகாபேயின் ஐந்து பலகைகள் தெரியும். காகிதத்தைக் கத்தியால் வெட்டி உருவம் எடுக்கும் 'கிரி-எ' கலைஞர் அவர். அந்த வெட்டுருவங்களையே எனாமலாக மாற்றி, நாற்று நட்டவர்களையும் கூடை சுமந்தவர்களையும் சந்தைக்குத் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்.

படகேறிப் போனால் பெயின்பிரிட்ஜ் தீவு. 1942 மார்ச் 30-ல் முதன்முதலாக வெளியேற்றப்பட்டவர்கள் இந்தத் தீவின் 227 பேர். அவர்கள் நடந்துபோன படகுத்துறை ஓரத்தில் தேவதாரு மரத்தாலான நீண்ட சுவர் வளைந்து செல்கிறது. தீவின் ஜப்பானிய அமெரிக்கர்களுடைய பெயர்கள் அதில் இருக்கின்றன. 'நிதோதோ நாய் யோ நி' என்பது அதன் வாசகம்: இரண்டாம் முறை நடக்காதிருக்க.

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், ரூத் அசாவா 1994-ல் செய்த வெண்கலப் புடைப்புச் சுவர் நிற்கிறது. கம்பிச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அவர், சிறுமியாக முகாமில் இருந்தபோது, அங்கே அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்களிடம் படம் பழகியவர். 1965-ல் லித்தோ பட்டறை ஒன்றில் இரண்டு மாதத்தில் 54 அச்சுகள் எடுத்தவரும்கூட.

கனடாவிலும் இப்படி நடந்ததா?

நடந்தது. 20,000-க்கு மேற்பட்டோர் மேற்குக் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகளையும் படகுகளையும் அரசே விற்றுவிட்டது. 1949 வரை கடற்கரைக்குத் திரும்ப விடவில்லை. டொரொன்டோவைச் சேர்ந்த எம்மா நிஷிமுரா இதை வைத்து வேலை செய்யும் அச்சோவியர். முகாம் காலக் குடும்பப் புகைப்படங்களைத் தாளில் எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும்) அச்சாக எடுத்து, அந்தத் தாளையே 'ஃபுரோஷிகி' துணிமூட்டை போல முடிச்சுப் போட்டு வைக்கிறார். மூட்டைக்குள் முகம் பாதி தெரியும், பாதி மடிப்பில் மறைந்திருக்கும்.

எங்கள் ஊர் நினைவையும் இப்படி அச்சில் கொண்டுவர ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தேதியிலிருந்து தொடங்குங்கள். ஷிமோமுரா 'துயரம்' என்று தலைப்பு வைக்கவில்லை, டிசம்பர் 12 என்று வைத்தார். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு நாளை, அன்று கையில் இருந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டை, கப்பல் டிக்கெட், டிரங்குப் பெட்டி, எதுவானாலும் சரி. லினோலியத்தில் வெட்டுவதாக இருந்தால் எழுத்து இடவலமாக மாறி விழும். டிரேசிங் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் வெட்டுங்கள். பொது இடத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால், முதல் பிரதியை அந்தப் பெரியவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் இரண்டாவதை எடுக்க வேண்டும்.

பெயர்ப்பட்டியலில் முத்திரை குத்துகிறார்களாமே, அது என்ன?

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் 2022 செப்டம்பரில் 'இரெய்ச்சோ' என்ற பெரும் புத்தகம் வைக்கப்பட்டது. அடைக்கப்பட்ட ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கிறது: 1,25,284 பேர். அதுவரை எல்லோரும் 'ஏறத்தாழ 1,20,000' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசு ஆவணங்களில் பிழையாகக் கிடந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது இந்த எண்ணிக்கை வந்தது. 75 தடுப்பு இடங்களிலிருந்து எடுத்த மண்ணையும் புத்தகத்தோடு சேர்த்திருக்கிறார்கள்.

வருகிறவர்கள் கையில் சின்ன 'ஹான்கோ' முத்திரை ஒன்றைக் கொடுப்பார்கள். தங்கள் பாட்டனின், அத்தையின் பெயரைத் தேடி, அதன் கீழே அழுத்தினால் ஒரு நீலப் புள்ளி பதியும். தேடி வர யாருமே இல்லாத பெயர்களுக்கு, முன்பின் தெரியாதவர்கள் வைக்கிறார்கள். ஒரு பெயரும் புள்ளி இல்லாமல் விடுபடக் கூடாது என்பது நோக்கம். என்னைக் கேட்டால், உலகிலேயே அதிகம் பேர் சேர்ந்து செய்த அச்சோவியங்களில் இது ஒன்று.

பெயர்களை அகரவரிசையில் அடுக்கவில்லை. வயதுப்படி, மூத்தவர் முதலில். இரும்புக்கப்பலில் வந்திறங்கிய தோகுவின் தலைமுறை முன்பக்கங்களில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் புரட்டினால், 1939-ல் பிறந்த பிள்ளைகளுக்கு நடுவே அவருடைய பேரன். அதற்கும் பின்னால் முகாமிலேயே பிறந்த குழந்தைகள்.